மகளின் வில்லுக்கு ஒரு விசை தேடியபோது



சென்ற ஆவணியில் ஒரு நாள். அஸர் தொழுதுவிட்டு வில் பயிற்சிக்குச் சென்ற நம் மூத்த மகள், மக்ரிபுக்கு வெகு நேரம் முன்னரே வீடு திரும்பினாள். வில்லைப் பெட்டியில் வைத்து மூடினாள். "அத்தா, இதை யாருக்காவது வித்துடுங்க" என்றாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை. கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல் சொன்னாள். பதினைந்து வயதுப் பெண் அப்படிப் பேசியதுதான் நம்மைக் கலங்கச் செய்தது.

அன்று நாம் செய்த தவற்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். மக்தபில் ஓதிக் கொடுப்பவருக்கு வாயில் முதலில் வருவது பாடம்தானே. அம்பெய்யக் கற்றுக்கொண்ட பின் அதைக் கைவிடுவதைக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை அப்போதே அவளுக்கு எடுத்துச் சொன்னோம். 'பொறுமை இல்லாத பிள்ளை' என்றும் ஒரு சொல் சேர்த்தோம். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நன்னி மட்டும், "பிள்ளை முகத்தைப் பாத்தியா? அதுக்கு என்னமோ பயம்" என்றார்கள்.

நன்னி சொன்னது சரி என்று மறுநாள் மைதானத்தில் தெரிந்தது.

நம் வீட்டுக்கு வில் வந்த கதை நீண்டது. சுருக்கமாகச் சொல்வதானால், 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் வில் பிரிவின் ஐந்து தங்கங்களையும் இந்தியர்களே வென்றார்கள். ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேயும் தனிநபர் பிரிவுகளில் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த மகள், தானும் கற்க வேண்டும் என்றாள். அன்ஃபால் அத்தியாயத்தின் அறுபதாவது வசனத்தில் வரும் 'பலம்' என்னும் சொல்லுக்கு, மிம்பரில் நின்று மூன்று முறை, எய்தலே பலம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கம் தந்ததை உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, சொந்த மகளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கும்பகோணத்துப் பக்கம் ஒரு பயிற்சியாளரிடம் சேர்த்தோம்.

காம்பவுண்ட் வில்லை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அதன் இரு முனைகளிலும் உருளைகள் இருக்கும். அமெரிக்காவின் ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1969-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நாணை இழுக்கும்போது பாதி வழியில் பாரம் உச்சத்தைத் தொடும். முழுவதும் இழுத்து முடித்ததும் திடீரெனக் குறைந்துவிடும். 40 பவுண்டு வில்லில் 75 விழுக்காடு குறைந்தால், கையில் தங்குவது 10 பவுண்டு மட்டுமே. ஆகையால் நிதானமாகக் குறிபார்க்கலாம். ஆனால் வில் குட்டையானது. முழுதும் இழுத்த நிலையில் நாண் கூர்மையான கோணத்தில் மடங்கி விரல்களை நெருக்கும். விரல்களிலிருந்து நழுவும் நாண் பக்கவாட்டில் அலைந்து அம்பையும் அலைக்கழிக்கும். எனவே நாணில் 'டி' வடிவில் ஒரு சிறு கயிற்று வளையம் கட்டி, அதில் ஒரு கருவியின் கொக்கியை மாட்டி இழுக்கிறார்கள். அந்தக் கருவிக்குத்தான் ரிலீஸ் என்று பெயர். ஒலிம்பிக்கில் நாம் இதுவரை பார்த்துவந்த ரிகர்வ் வில்லுக்கு இதை அனுமதிப்பதில்லை. அங்கே விரலும் ஒரு தோல் பட்டையும்தான். காம்பவுண்ட் பிரிவில் வில்லோடு இணைக்கப்படாத, மின்சாரமோ மின்னணுவோ இல்லாத ரிலீஸ் செல்லும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் போட்டி சேர்க்கப்பட்டிருப்பதால், இனி நம் வீடுகளிலும் இந்தச் சொல் அதிகம் காதில் விழும்.

மகளுக்கு நாம் முதலில் வாங்கியது மணிக்கட்டில் பட்டையாகக் கட்டிக்கொள்ளும் வகை. சுட்டு விரலால் துப்பாக்கி விசைபோல் அழுத்த வேண்டும். விலை குறைவு, இழுக்கும் பாரத்தை மணிக்கட்டு தாங்குவதால் பிஞ்சு விரல்கள் நோகா, கீழே விழுந்து தொலையவும் தொலையாது. அது கெட்ட கருவி என்று எவரும் எண்ண வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலோர் அதில்தான் பழகுகிறார்கள். தவறு வேறிடத்தில் நேர்ந்தது. கடைக்காரர், "தொட்டாலே விடும், அவ்வளவு மென்மை" என்று புகழ்ந்ததை நாமும் ஒரு சிறப்பென்று எண்ணி வாங்கிவிட்டோம்.

மறுநாள் மைதானத்தில் நாம் கண்டது இது. மகள் நாணை இழுக்கிறாள். குறிகாட்டியின் புள்ளி மஞ்சள் வட்டத்தின் கீழ்விளிம்பு வரை ஏறுகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. நடுவுக்கு ஏற்ற அவளால் முடியவில்லை. கை நடுங்குகிறது. பிறகு ஒரே வெட்டில் புள்ளி மேலே தாவுகிறது, அதே நொடியில் விரல் விசையை அறைகிறது, தோள் குலுங்குகிறது, அம்பு எங்கோ போகிறது. பயிற்சியாளர் நம்மைத் தனியே அழைத்து, "இது சோம்பல் இல்லீங்க ஹஜ்ரத். டார்கெட் பேனிக். பெரிய பெரிய வீரர்களுக்கே வரும்" என்றார். புள்ளி நடுவைத் தொட்டதும் 'இப்போதே' என்று மனம் கூவுகிறது. தொட்டாலே விடும் விசை அந்தக் கூவலுக்கு உடனே பணிந்துவிடுகிறது. இப்படிப் பல நூறு முறை நடந்தபின், நடுவைக் கண்டாலே உடல் பதறக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பதற்றத்துக்கு அஞ்சியே கை புள்ளியைக் கீழே நிறுத்திவைக்கிறது.

அன்றிரவு அந்த நபிமொழியின் முழு அறிவிப்பையும் மறுபடி எடுத்துப் பார்த்தோம். உக்பா (ரலி) முதிய வயதில் இரண்டு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து எய்துகொண்டிருந்தார்கள். இந்த வயதில் இத்தனை சிரமம் எதற்கு என்று ஒருவர் கேட்டபோதுதான் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். தமக்குத்தாமே சொல்லிக்கொண்டதை நாம் ஒரு குழந்தையை அடிக்கும் கம்பாக்கிவிட்டோமே என்று வெட்கப்பட்டோம். மகளிடம் போய் வருத்தம் தெரிவித்தோம். "சரி அத்தா" என்றாள். ஆனாலும் பெட்டியைத் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் வேறு ரிலீஸ் தேடத் தொடங்கினோம்.

பயிற்சியாளர் விளக்கிய வகைகளைப் பெற்றோருக்குப் பயன்படும் அளவில் சொல்கிறோம். முதலாவது, கையில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தும் வகை. போட்டிக்களத்தில் இதுவே அதிகம் தென்படும். விசைக்கோலைக் கட்டைவிரலின் அடிப்பகுதியில் ஒட்டி வைத்து, விரலை அசைக்காமல் முதுகுத் தசையால் இழுத்துக்கொண்டே இருந்தால் தானாக அழுந்தி விடும். நன்றாகப் பழகியவர்களுக்கு அருமையானது. நம் மகளுக்கு இப்போதைக்கு ஆகாது என்றார். சுட்டு விரலின் பழக்கம் நாளடைவில் கட்டைவிரலுக்குக் குடிபெயரும், அவ்வளவே.

இரண்டாவது வகைக்கு விசையே கிடையாது. இழுக்கும்போது ஒரு பாதுகாப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். முழுதும் இழுத்தபின் பொத்தானை விட்டுவிட்டு மேலும் இழுத்தால், முன்கூட்டி வைத்த ஓர் அளவு வந்ததும் கொக்கி திறந்துகொள்ளும். மேலே சொன்ன 10 பவுண்டு தங்கும் வில்லுக்கு, 13 பவுண்டில் திறக்கும்படி வைக்கலாம். பதற்றத்துக்கு இதுவும் நல்ல மருந்து. ஆனால் மகள் வளரும் பிள்ளை. வில்லின் பாரத்தை ஏற்றும்போதெல்லாம் இதன் அளவையும் திருத்த வேண்டும். திருத்த மறந்து பாரத்தை மட்டும் ஏற்றினால், பொத்தானை விட்ட கணமே திறந்துவிடலாம். வீட்டில் மறதிக்குப் பெயர் போனவர் யார் என்பதை வீட்டார் நினைவூட்டினார்கள்.

மூன்றாவது ஹிஞ்ச் எனப்படும் கீல் வகை. இதிலும் விசை இல்லை. உள்ளே பிறை வடிவில் ஒரு சிறு உலோகத் துண்டு உண்டு. கொக்கியின் வால் அந்தப் பிறையின் விளிம்பில் தங்கியிருக்கும். முதுகால் இழுக்க இழுக்க, கைப்பிடி மெல்லச் சுழல்கிறது. பிறையின் விளிம்பைத் தாண்டியதும் கொக்கி விடுபடுகிறது. எந்த நொடியில் விடும் என்று எய்பவருக்கே துல்லியமாகத் தெரியாது. மகளுக்குத் தேவை இதுதான் என்று பயிற்சியாளர் உறுதியாகச் சொன்னார். 'இப்போதே' என்று மனம் கூவினாலும் கேட்க அங்கே விரல் இல்லை. சில பிறைகளில் ஒரு சிறு வெட்டு இருக்கும். விடுவதற்குச் சற்று முன் 'டிக்' என்று ஒலித்து அறிவிக்கும். அந்த ஒலிக்கே சிலர் பதறத் தொடங்குவார்கள் என்பதால், ஒலி இல்லாத பக்கத்தை வைத்துத் தந்தார்.

கீல் வகைக்கு ஓர் ஆபத்து உண்டு. இதைப் பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டும். இழுக்கும் வழியிலேயே கை சுழன்றுவிட்டால் பாதியில் திறந்துகொள்ளும். இழுத்த கை முகத்தில் அறையும். அம்பும் திசையின்றிப் பறக்கும். ஆகவே இழுத்து முடியும் வரை கட்டைவிரலால் அதற்குரிய முளையைப் பிடித்திருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வில்லைத் தொடவே கூடாது என்பது ஆணை. மகளின் இழுப்பு நீளத்துக்கு நைலான் கயிற்றில் ஒரு வளையம் முடிந்து, ஒரு கையில் கயிறு, மறு கையில் ரிலீஸ் என்று வீட்டு முற்றத்திலேயே பழகினாள். இரண்டாம் நாள் கை பின்னால் தெறித்துக் காதோரம் இடித்தது. கயிறாக இருந்ததால் ஒரு கன்றலோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

நாம் எதிர்பாராத ஒரு சிக்கல் முக்காட்டில் இருந்தது. நம் பெண்பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களுக்கு இது உதவும். ரிலீஸைக் கையில் பிடித்து இழுக்கும்போது விரல் முட்டிகள் தாடை எலும்பின் இருபுறமும் வந்து பொருந்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம். இம்மி பிசகினாலும் அம்பு விலகும். மகளின் முக்காடோ தாடைக்குக் கீழே மூன்று மடிப்பு. ஒரு நாள் மடிப்பு தடித்திருக்கும், மறுநாள் மெலிந்திருக்கும். கை இருக்கும் இடமும் அதற்கேற்ப மாறும். போதாக்குறைக்கு மோவாய்க்குக் கீழே குத்திய ஊசியில் கைப்பிடி உரசியது. வீட்டார் மெல்லிய பருத்தித் துணியில், ஊசி தேவைப்படாமல் தலைவழியே அணியும்படி, தாடையோரம் ஒற்றை மடிப்பாகத் தைத்துக் கொடுத்தார்கள். துணியின் கீழ்ப்பகுதியை மார்புக் காப்புக்குள் செருகிவிட்டால் நாணில் சிக்காது. முழுக்கைச் சட்டையின் தளர்ந்த பகுதியை வில் பிடிக்கும் கையில் ஒரு காப்பு அடக்கிவிடும். இவ்வளவுக்கும் ஆன செலவு இருநூறு ரூபாய்க்குள். ரிலீஸை மாற்றியதற்கு ஈடாக இதுவும் பயன் தந்தது என்றே நினைக்கிறோம்.

இனி அளவு. பயிற்சியாளர் இரண்டு கீல் வகை ரிலீஸ்களை இரவலாகத் தந்தார். ஒன்று பித்தளை, நான்கு விரல் பிடி; மற்றொன்று அலுமினியம், மூன்று விரல் பிடி. பித்தளையின் கனம் கையை நிலைப்படுத்தும் என்று விரும்புவோர் உண்டு; விலையும் கூடுதல். பார்த்ததும் நாம் அதைத்தான் விரும்பினோம். சுவாமிமலையில் வாழ்பவருக்கு வார்த்த உலோகத்தின் மீது ஒரு மயக்கம் இருக்கத்தானே செய்யும். ஆற்று வண்டல் மண்ணில் மெழுகுச் சிலையைப் பொதிந்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் வார்க்கும் பட்டறைகள் நிறைந்த ஊர் இது. பின்வீட்டு ஸ்தபதி ஐயா நம் பால்ய நண்பர். இரண்டையும் அவரிடம் காட்டினோம்.

அவர் பித்தளையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். மகளை அழைத்துப் பிடிக்கச் சொன்னார். "பொருள் நல்ல பொருள்தான் பாய். ஆனா பாப்பா சுண்டு விரலைப் பாருங்க, எட்டாம தொங்குது. பெரிய பிடி போட்ட உளியை நாள் முழுக்கப் பிடிச்சா எனக்கே அங்கதான் வலிக்கும். வலிக்கிற விரல் தானா இழுக்கும். இழுத்தா இது திரும்பிடும்ல?" என்றார். வில்லை ஒரு நாளும் தொடாதவர், கீல் ரிலீஸின் குணத்தை அரை நிமிடத்தில் பிடித்துவிட்டார்! சுண்டு விரல் இழுத்தால் கைப்பிடி வேகமாகச் சுழன்றுவிடும் என்பதைத்தான் பயிற்சியாளரும் சொல்லியிருந்தார். அலுமினியத்தில் விரல் பதியும் ஒரு விளிம்பு கூராக இருந்தது. அதை அரத்தால் தேய்க்கவா என்று கேட்டார். இரவல் பொருள் என்று தடுத்துவிட்டோம்.

பத்து நாள் இரவலில் பழகிய பின், மேற்படிப்புக்காகப் பயிற்சியை நிறுத்திய ஒரு மாணவியிடமிருந்து அதே மூன்று விரல் வகையில் சிறிய அளவை ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கினோம். புதிதாக வாங்கினால் ஏறக்குறைய இரு மடங்கு. முதலிலேயே யாரிடமாவது இரவல் வாங்கிப் பிடித்துப் பார்த்திருந்தால், மணிக்கட்டு ரிலீஸுக்குக் கொடுத்த இரண்டாயிரத்து ஐந்நூறும் மிஞ்சியிருக்கும்.

இந்தத் தேடலின் நடுவே நமக்குத் தனிப்பட்ட ஒரு மகிழ்ச்சியும் கிடைத்தது. அத்தஹிய்யாத் இருப்பில் நபி (ஸல்) அவர்கள் வலக்கை விரல்களை ஐம்பத்து மூன்று என்னும் எண்ணைக் காட்டுவதுபோல் மடக்கிச் சுட்டு விரலால் சைகை செய்ததை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். விரல்களை மடக்கி எண்களைக் காட்டும் அக்கால அரபுக் கணக்கு அது. ஓதும் நாளில் மனனம் செய்ததோடு சரி. அரபு வில்வித்தை நூல்களைப் பற்றித் தேடியபோது, கட்டைவிரலால் நாணைப் பூட்டி இழுக்கும் பிடிக்கு 'அறுபத்து மூன்று' என்றே பெயர் இருப்பதைக் கண்டோம். அதே விரல் கணக்கு! அந்தக் கட்டைவிரலைக் காக்க எலும்பிலும் கொம்பிலும் கல்லிலும் மோதிரம் செய்து அணிந்தார்கள். துருக்கியர் அதை ஸிஹ்கீர் என்பர். ஷாஜஹானின் பட்டப்பெயர் பொறித்த பச்சைக்கல் வில் மோதிரம் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை மகளிடம் சொன்னபோது, "அப்ப பாதுஷாவும் ரிலீஸ் போட்டிருக்காரு" என்று சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு நாம் கேட்ட சிரிப்பு அது.

பதிலுக்கு அவள் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினாள். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவி பிறவியிலேயே கைகள் இல்லாதவர். அமர்ந்தபடி வலக்காலால் வில்லைப் பிடிக்கிறார். தோளில் பொருத்திய ரிலீஸால் நாணை இழுக்கிறார். தாடையின் வலிமையால் அம்பை விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது பதினேழு. 2025-இல் உலக பாரா சாம்பியன் பட்டமும் பெற்றார். அந்தத் தோள் ரிலீஸைத்தான் மகள் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தாள். யாருக்கோ செய்ததை அவர் அணிந்திருக்கவில்லை. அவருடைய உடலை அளந்து பார்த்துச் செய்திருக்கிறார்கள். நாமோ கடைக்காரர் புகழ்ந்ததை வாங்கி வந்தவர்கள்.

தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும், இயந்திரம் உருட்டிப் போட்ட வைக்கோல் கட்டுகளை உறவினர் ஒருவர் தந்தார். வாய்க்கால் கரை மண்மேட்டுக்கு முன்னால் இரண்டு அடுக்காக இறுக்கிக் கட்டினோம். ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம். கரையின் மீது தம்பியைக் காவலுக்கு நிறுத்தினோம். மூன்று மீட்டர் தூரம். இலக்குத் தாள் இல்லை, குறிகாட்டியும் கழற்றப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு, முதுகால் இழுத்து, அதுவாக விடும்வரை காத்திருக்க வேண்டும். நாளுக்கு நாற்பது அம்புகள். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டாள். இரண்டாம் வாரத்தின் இறுதியில் ஒரு மாலை, அம்பு போன பிறகும் கண்ணைத் திறக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றாள். அந்த முகத்தில் நன்னி சொன்ன பயம் இல்லை. ரமளானில் நோன்பு வைத்த கை நடுங்கும் என்று பயிற்சியை நிறுத்தச் சொன்னோம். கயிற்று வளையத்தை மட்டும் இஃப்தாருக்குப் பின் எடுத்துக்கொள்வாள்.

இப்போது ஐம்பது மீட்டர் களத்துக்குத் திரும்பிவிட்டாள். சென்ற வாரம் நாம் போயிருந்தபோது, புள்ளி மீண்டும் மஞ்சளுக்குக் கீழே சிக்கிக்கொண்டது. நம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் நாணை விடவில்லை. கட்டைவிரலை முளையில் வைத்து, மெல்லத் தளர்த்தி, வில்லை இறக்கினாள். இரண்டு மூச்சு விட்டாள். மறுபடி இழுத்தாள். அம்பு எட்டில் தைத்தது. அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று பயிற்சியாளர் கேட்டார். "இப்ப வேணாம் சார், அடுத்த தடவை" என்றாள் மகள். நாமும் வற்புறுத்தவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், நாணில் கட்டிய டி வளையம் பிசிறு தட்டிவிட்டது என்று சொன்னாள். கும்பகோணத்தில் அந்தக் கயிறு கிடைப்பதில்லை; இன்ஷா அல்லாஹ், ஒரு மீட்டராகச் சேர்த்து வரவழைக்க வேண்டும்.